ஜாரின் முட்டையும் சித்திர உபாத்தியாயினியும்

ருஷ்ய தேசத்தில் ஈஸ்டர் பண்டிகையன்று ஒருவரையொருவர் சந்திக்கும்போது, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லி, மும்முறை முத்தமிட்டு, கையில் ஒரு முட்டையைக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். குடியானவன் வீட்டில் அது சாதாரணக் கோழி முட்டைதான். வெங்காயச் சருகைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் நல்ல சிவப்புச் சாயம் இறங்கும். அதில் வெந்த முட்டை செக்கச் செவேலென்று வந்துவிடும். பைசாச் செலவில்லை. கொடுத்தவனுக்கும் ஆனந்தம், வாங்கினவனுக்கும் ஆனந்தம். பிற்பகலில் உரித்துச் சாப்பிட்டும் விடலாம்.

சக்கரவர்த்தி வீட்டில் இப்படி வெங்காயச் சருகோடு காரியம் முடிந்துவிடுமா? 1885-ஆம் வருஷம் ஜார் மூன்றாம் அலெக்ஸாந்தர், தம் மனைவி மரியா பியோதரோவ்னாவுக்கு ஒரு முட்டை செய்து தரும்படி, ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து நகை வியாபாரி கார்ல் பாபர்ஜே என்பவருக்கு உத்தரவிட்டார். வந்த முட்டையைப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று கோழி முட்டை போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வெண்மை தங்கத்தின் மேல் பூசிய எனாமல். திறந்தால் உள்ளே தங்கத்தில் ஒரு மஞ்சட்கரு. மஞ்சட்கருவைத் திறந்தால் ஒரு தங்கப் பெட்டைக்கோழி. அந்தக் கோழியின் வயிற்றுக்குள் வைரத்தில் ஒரு சின்னஞ்சிறு கிரீடமும், மாணிக்கப் பதக்கம் ஒன்றும் இருந்தனவாம். கோழி இன்றும் இருக்கிறது. கிரீடத்தையும் பதக்கத்தையும் காணோம்.

சக்கரவர்த்தினி மனம் மகிழ்ந்து போனார். அன்று முதல் வருஷத்துக்கொரு முட்டை. 1894-இல் அலெக்ஸாந்தர் காலமாகி, அவர் மகன் இரண்டாம் நிக்கலஸ் பட்டத்துக்கு வந்ததும் முட்டைச் செலவு இரட்டித்தது. தாயாருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று! (மாமியாருக்கும் மருமகளுக்கும் பாரபட்சமின்றிச் செய்ய வேண்டுமென்ற சங்கடம் ஜார் சக்கரவர்த்தியையும் விட்டபாடில்லை.) ஜப்பானோடு யுத்தம் நடந்த 1904, 1905-ஆம் வருஷங்களில் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆக, 1916 வரை மொத்தம் 50 முட்டைகள் அரண்மனை போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆச்சரியம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது இன்னதென்று ஜாருக்கே முன்கூட்டித் தெரிவிப்பதில்லையாம்.

1891-ஆம் வருஷத்து முட்டைக்கு நம் தேசத்தோடும் ஒரு சம்பந்தம் உண்டு. அப்பொழுது பட்டத்து இளவரசராயிருந்த நிக்கலஸ், 'பாமியத் அஸோவா' என்ற போர்க்கப்பலில் கீழ்த்திசை யாத்திரை புறப்பட்டு, பம்பாயில் இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்த்து, கொழும்பு வழியாக ஜப்பான் போனார். அந்தக் கப்பலைத்தான் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் செய்து, நீலக்கல் கடலின் மேல் மிதக்கவிட்டு, செம்புள்ளி பாய்ந்த கரும்பச்சைக் கல் முட்டைக்குள் வைத்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்து சில நாட்களுக்குள், ஜப்பானில் ஒரு போலீஸ்காரன் இளவரசரை வாளால் வெட்டிக் காயப்படுத்திவிட்டான். அதே வருஷத்தில் ருஷ்யாவில் விளைச்சல் பொய்த்தது. பஞ்சத்துக்கும் அதைத் தொடர்ந்து வந்த காலராவுக்கும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பலியானார்கள்.

இன்னொரு முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1896-ஆம் வருஷம் மே மாதம் மாஸ்கோவில் நிக்கலஸுக்கு மகுடாபிஷேகம் நடந்தது. அதை முன்னிட்டு ஜனங்களுக்கு வெகுமதி தருவதாக அறிவித்திருந்தார்கள். கொஞ்சம் தின்பண்டம், அதோடு ராஜமுத்திரை பொறித்த எனாமல் குவளை ஒன்று. அதை வாங்குவதற்காக ஹோதின்கா மைதானத்தில் லக்ஷக்கணக்கில் கூடிய ஜனங்கள் நெரிசலில் சிக்கி, 1,300 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அன்றிரவு ஜார் தம்பதிகள் பிரெஞ்சு ஸ்தானாதிபதி நடத்திய நடன விருந்துக்குச் சென்றார்கள். மறு வருஷத்து ஈஸ்டருக்கு வந்த முட்டையின் உள்ளே, அந்த மகுடாபிஷேக ஊர்வலத்தில் சென்ற சாரட்டு வண்டி நாலங்குலத்துக்கும் குறைவான நீளத்தில் தங்கத்தில் இருந்தது. சக்கரம் சுழலும், கதவு திறக்கும், படி மடங்கி இறங்கும். ஜார்ஜ் ஸ்டைன் என்ற தொழிலாளி ஓராண்டுக்கு மேல் அதற்காகப் பாடுபட்டிருக்கிறார். தங்கத்தின் மேல் பூசினாலும், தகரக் குவளையின் மேல் பூசினாலும் எனாமல் எனாமல்தான். அந்த வண்டியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் குவளையின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்படியானால் இந்த முட்டைகளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதானா? நாமும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். அவற்றைச் செய்தவர்கள் யார் என்று விசாரித்த பிறகு அவ்விதம் செய்ய மனம் வரவில்லை.

பாபர்ஜே இந்த முட்டைகளைத் தம் கையால் செய்தவர் அல்லர். யோசனை சொல்வதும், சரியில்லாத வேலையைத் தள்ளிவிடுவதும் அவர் பொறுப்பு. வேலை செய்தவர்கள், ஓங்கிய காலத்தில், சுமார் 500 பேர். முட்டைகளில் பலவற்றுக்குப் பட்டறைத் தலைவராயிருந்த மிகயில் பெர்கின், குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த ஹென்ரிக் விக்ஸ்ட்ரம், பின்லாந்துக்காரர்.

எனாமல் வேலை நாம் நினைப்பது போல வர்ணம் பூசுகிற வேலையன்று. முதலில் உலோகத்தின் மேல் யந்திரத்தைக் கொண்டு அலையலையாக மெல்லிய கோடுகள் இழைக்க வேண்டும். அதன் மேல் கண்ணாடிப் பொடியைப் பரப்பி, உலையில் வைத்து உருக்க வேண்டும். ஆறியதும் மறுபடி பொடி, மறுபடி உலை. இப்படி ஐந்தாறு தடவை. ஒரு தடவை சூடு மிஞ்சினாலும் கீறல் விழுந்து, பழைய உழைப்பெல்லாம் பாழ். கடைசியில் மரச் சக்கரத்தாலும் தோலாலும் மணிக்கணக்காகத் தேய்த்து மெருகேற்றினால், கண்ணாடிக்கு அடியில் அந்த அலைகள் பட்டுப்போல மினுமினுக்கும்.

இந்த ஐந்நூறு பேரில் ஒருத்திதான் ஆல்மா பீல். 1888-இல் மாஸ்கோவில் பிறந்த பின்லாந்துப் பெண். பாட்டனார், தகப்பனார், மாமா எல்லோரும் பாபர்ஜேயிடம் பட்டறை நடத்தியவர்கள். இருபது வயதில் மாமாவின் பட்டறையில் அவளுக்குக் கிடைத்த வேலை என்னவென்றால், முடிந்த நகைகளை உள்ளது உள்ளபடி வரைந்து, விலை விவரத்தோடு புத்தகத்தில் பதிவு செய்வது. கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்றே சொல்லலாம். ஓய்ந்த வேளையில் தானாகவும் சித்திரங்கள் போட்டுப் பார்த்தாள்.

ஒரு பனிக்காலத்தில், எண்ணெய்க் கிணறுகளின் அதிபர் இம்மானுவேல் நோபெலிடமிருந்து அவசர ஆர்டர் வந்தது. வியாபார நண்பர்களின் மனைவிமாருக்குப் பரிசளிக்க 40 சிறு பதக்கங்கள் வேண்டும், புதுமையாயிருக்க வேண்டும், ஆனால் லஞ்சம் என்று தோன்றும்படி விலையுயர்ந்ததாகவும் இருக்கக் கூடாது! ஆல்மாவின் மேஜை ஜன்னலருகில் இருந்தது. கண்ணாடியில் உறைபனி படிந்து பூப்பூவாய் விரிந்திருந்தது. வெயில் பட்டதும் அது மின்னிற்று. அவள் அதைப் பார்த்து வரைந்தாள்.

நோபெலுக்கு வெகு திருப்தி. அந்தப் பனிப் பூக்களே வளர்ந்து, 1913-இல் ஜார் தம் தாயாருக்குத் தந்த 'பனிக்கால முட்டை' ஆயின. ஸ்படிகத்தைக் குடைந்து மெலிதாக்கிய முட்டை. அதன் மேல் பிளாட்டினத்திலும் வைரத்திலும் உறைபனிக் கோலம். உருகும் பனிக்கட்டி போன்ற பீடம். திறந்தால், பனி விலகி வசந்தம் பிறப்பதைச் சொல்வது போல ஒரு கூடை நிறைய வெள்ளைப் பூக்கள். விலை ஏறக்குறைய 25,000 ரூபிள். அடுத்த வருஷத்து முட்டையும் அவளுடைய கற்பனைதான். மாமியார் அமர்ந்து துணியில் பூவேலை செய்வதைக் கவனித்தவள், தையல் போலவே பிளாட்டின வலையின் கண்தோறும் ஒவ்வொரு ரத்தினக் கல்லாகப் பதிக்கும்படி ஏற்பாடு செய்தாள். ராஜாங்கச் சிற்பியும் பிரபுக்களும் கூடி யோசித்திருந்தால் இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

பிறகு உலக யுத்தம் வந்தது. 1916-இல் ஒரு முட்டை உருக்கினால் செய்யப்பட்டு, நான்கு பீரங்கிக் குண்டுகளின் மேல் நின்றது. 1917-இல் புரட்சி. 1918-இல் பாபர்ஜே கடையை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷத்தில் ஜார் குடும்பத்தார் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டை விட்டு ஓடிய பாபர்ஜே 1920-இல் ஸ்விட்ஸர்லாந்தில் இறந்தார். 1919-இல் கப்பலேறித் தப்பிய மூத்த சக்கரவர்த்தினி கொண்டு சென்ற ஈஸ்டர் முட்டை ஒன்றே ஒன்று.

மற்றவற்றில் பலவற்றை, அந்நிய நாணயம் தேவைப்பட்ட சோவியத் அரசு வந்த விலைக்கு விற்றது. பனிக்கால முட்டை லண்டன் வியாபாரி ஒருவருக்கு 450 பவுனுக்குப் போயிற்று. தையல் முட்டையை 1933-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார். இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கிரெம்ளினில் தங்கியவை பத்து. காணாமற் போனவை ஆறேழு. 1887-ஆம் வருஷத்து முட்டை ஒன்று அமெரிக்காவில் பழைய தங்கம் வாங்கும் ஒருவரிடம் சிக்கிற்று. சுமார் 14,000 டாலருக்கு வாங்கி, உருக்கி லாபம் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தார். அத்தனை விலைக்குத் தங்கம் தேறாது என்று எல்லோரும் கைவிரித்துவிட்டதால் முட்டை பிழைத்தது! அது இன்னதென்று 2014-இல் உலகம் அறிந்தது. பனிக்கால முட்டையோ, 2025 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் இரண்டு கோடி பவுனுக்கு மேல் விலைபோயிற்று.

ஆல்மா என்ன ஆனாள்? 1921-இல் கணவரோடு பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கூஸன்கோஸ்கி என்ற காகித ஆலை ஊரில், பள்ளிக்கூடத்துச் சித்திர உபாத்தியாயினியாக அமர்ந்தாள். நாமும் கரும்பலகைக்கு முன் நின்று காலங்கழிப்பவர்களாகையால், இந்த இடத்தில் சற்றுத் தயங்கி நிற்கிறோம். இருபது வருஷங்களுக்கு மேல் அந்த அம்மையார் பிள்ளைகளுக்குச் சித்திரமும் கையெழுத்தும் கற்பித்தார். பழைய கதையைப் பிரஸ்தாபிப்பதே இல்லை. எதிரே அமர்ந்து பென்சிலைச் சீவிக் கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் உபாத்தியாயினி ருஷ்யச் சக்கரவர்த்தினிகளின் முட்டைகளை வரைந்தவர் என்பது தெரியாது. 1951-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் காலமானார்.

அவர் மாமாவின் பட்டறையில் இருந்த பதிவுப் புத்தகங்களில் இரண்டு எப்படியோ தப்பி லண்டன் வந்து சேர்ந்திருக்கின்றன. நகைகளின் உண்மை அளவிலேயே, தேதி போட்டு, வர்ணத்தில் வரைந்த பக்கங்கள். நோபெலுக்காகச் செய்த பனிப் பூக்களும் அவற்றில் இருக்கின்றன.