சொந்த மெயில் சர்வர் வைக்கலாமா?



டிப்ளமோ சர்டிபிகேட் கைக்கு வருவதற்கு முன்பே நம்மைத் தேடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, கம்ப்யூட்டர் படிக்கிறியாமே, நம்ம கம்பெனி பேர்லயே ஒரு மெயில் போட்டுக் குடேன்!" கோவையில் பம்ப் உதிரிபாகம் கடையும் பட்டறைக்காரரும் கேட்பார், திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருப்பவரும் கேட்பார். வாடகை மெயில் என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும். அதனால் "நம்ம சர்வரே வெச்சுக்கலாமே" என்பார்கள். நியாயமான ஆசைதான். நாம் உடனே தலையாட்டலாமா?

நிறுவுவது பெரிய வித்தை அல்ல. லினக்ஸ் போட்டு, அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் படிக்க டவ்காட். இரண்டும் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் கல்யாணம் ஒருநாள் கூத்து, குடும்பம் நடத்துவதல்லவா கஷ்டம்!

1982-ல் எஸ்.எம்.டி.பி. விதிமுறை வெளியானபோது அனுப்புநர் யாரென்று சோதிக்க அதில் வழியில்லை. இன்லண்ட் லெட்டரின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமே, அதுபோல. அதன் விளைவை இன்று ஸ்பேம் என்று அனுபவிக்கிறோம். எனவே வாங்குகிற பக்கம் அத்தாட்சி கேட்கிறது. எந்த ஐ.பி. முகவரி அனுப்பலாம் என்று சொல்ல எஸ்.பி.எஃப்., கையெழுத்துக்கு டி.கே.ஐ.எம்., இரண்டும் பொய்த்தால் என்ன செய்வது என்று சொல்ல டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்குத் தினம் 5000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். சின்னக் கம்பெனிக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், ஐ.பி. முகவரிக்கு ரிவர்ஸ் டி.என்.எஸ். பெயரும் வேண்டும். அந்தப் பெயரை ஐ.பி. கொடுத்தவர்தான் எழுத முடியும். வீட்டு இணைப்பில் போர்ட் 25 பெரும்பாலும் அடைத்தே இருக்கும்.

இதில் ஒன்று தப்பினாலும் கொட்டேஷன் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடலாம். போனதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்டர் கைமாறிப் போகும். பட்டறையில் நாலு பேருக்கு ஓவர்டைம் போகும்.

வாங்குவது அப்படி அல்ல. கரண்ட் போய் நம்ம சர்வர் படுத்துவிட்டாலும், அனுப்பிய சர்வர் வழக்கமாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

ஆகவே என் கட்சி இதுதான். டொமைன் முதலாளி பெயரிலேயே இருக்கட்டும், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கட்டும். நாளைக்கு சர்வர் மாறினாலும் முகவரி மாறாது. வாங்குவதற்குச் சொந்த சர்வர் வைக்கலாம். அனுப்புவதை ரிலே சேவை மூலம் விடுங்கள், ஐ.பி.யின் நற்பெயரைக் காப்பது அவர்கள் தலைவலி. தினமும் லாக் பார்க்க, பேக்கப் எடுக்க ஆளே இல்லையென்றால் வாடகை மெயிலே நல்லது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

"அப்போ நாம கத்துக்கிறது எப்படி?" என்று கேட்கலாம். நம்ம சொந்த டொமைனில் கத்துக்கலாம். அங்கே உடைத்தால் நஷ்டம் நமக்கு மட்டும்தான்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிற அந்த நம்பிக்கையைத்தான் பட்டறைக்காரரும் நம்மேல் வைக்கிறார். நாம் ஓசூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன பிறகும் அவர் மெயில் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழி செய்துவிட்டுத் தலையாட்டுவோம்!