பல்செட் ஆடினால் எச்சிலையும் பாருங்கள்



"பல்செட்டு ஆடுது, ஒட்டுற பசை இருந்தா குடுங்க டிரசர்" என்று நம் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. பசை இரண்டு நாளைக்குத்தான் உதவும். முதலில் வாயில் ஊறும் எச்சிலைக் கவனியுங்கள்.

சாதாரணப் பல்செட்டை ஈறோடு பிடித்து வைப்பது மெல்லிய எச்சில் படலம். அது வற்றினால் பிடி தளரும்.

இப்போது சிலருக்குத் தாடை எலும்பில் டைட்டேனியம் ஆணி பதித்து அதில் பல்செட்டை மாட்டுகிறார்கள். 1965ல் சுவீடனில் பிரோனேமார்க் என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறை இது. பல்செட்டுக்கு அடியில் உள்ள நைலான் வளையம், சட்டையின் அமுக்குப் பொத்தான் போல ஆணித்தலையைக் கவ்வும். "ஆணி போட்டாச்சு, இனி கவலை இல்லே" என்று இருந்துவிடக் கூடாது. கழற்றி மாட்ட மாட்ட நைலான் தேயும். அதை மட்டும் டாக்டர் மாற்றித் தருவார். வாய் வறண்டால் உரசல் கூடும். வாய் புளித்தால் பூஞ்சைக் கிருமி பெருகி ஈறு புண்ணாகும்.

புளிப்பை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். 7 நடுநிலை, இறங்க இறங்கப் புளிப்பு. சுமார் 5.5க்குக் கீழே போனால் மிச்சமுள்ள சொந்தப் பல்லும் கரையத் தொடங்கும். கோலா பானம் ஏறக்குறைய 2.5. வெயிலில் குலை வெட்டி வியர்வை கொட்டியபின் அதைக் குடித்தால் வறட்சியும் புளிப்பும் சேர்ந்தே வரும். இனிப்புநீரும், சில இரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் வாயை வறட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும் என்று வெற்றிலை போடவும் வேண்டாம். பாக்கு வாய்ப்புற்றைக் கொண்டுவரும்.

பச்சைத் தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். இரவில் பல்செட்டைக் கழற்றித் துலக்கித் தண்ணீரில் போடுங்கள். வீட்டிலேயே அரம் போட்டு ராவாதீர்கள்.

ஆனால் தொழிலாளிக்குப் புத்தி சொல்வதோடு நின்றால் போதாது என்பதே என் கருத்து. வேலைக்காட்டுக்கே நல்ல குடிநீர் வர வேண்டும். அரசாங்கப் பல் மருத்துவக் குழு தோட்டத்துக்கு வர வேண்டும். சங்கக் கிளைகள் இதைக் கேட்க வேண்டும்.

"கிளினிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று தள்ளிப்போடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, பல் டாக்டர் தரும் மருத்துவச் சான்றுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

நன்றாக மென்று சாப்பிடுவதும் உழைப்பவனின் உரிமையே!