மாடி அறையை வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு



கொடைக்கானலில் வீட்டு மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவோர் பெருகிவருகிறார்கள். கோடை சீசனை நம்பிப் புதிதாக இறங்குவோருக்குச் சில வார்த்தைகள்.

முதலில் கரி அடுப்பு. இறைச்சி சுட மூட்டிய அடுப்பைப் பயணிகள் குளிருக்கு இதமாக அறைக்குள் எடுத்துவந்து, சன்னலையும் சாத்திவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இந்த மலையிலேயே அப்படிச் சாவு நேர்ந்திருக்கிறது. அடுப்பு கொடுத்தால், சமைத்து முடிந்ததும் தணலை நீங்களே அணைத்து, வெளியே வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். கம்பளியை ஆளுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். அதை வெளிச்சுவருக்கு மாற்றாமல் அறையை விடாதீர்கள்.

அடுத்து, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ஒரே அறை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறையை முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், குழந்தைகளோடு வருபவர்கள் சோதனைச் சாவடியில் தவிக்க மாட்டார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு, கார் நிறுத்த இடமின்மை எதையும் மறைக்காதீர்கள்.

வாடகை அறையைப் பதிவுசெய்ய வரும் ஒவ்வொருவருக்கும் இந்த எச்சரிக்கைகளை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க நகராட்சியும் சுற்றுலாத் துறையும் உடனே முன்வர வேண்டும்.

– ஒரு வாசகி, கொடைக்கானல்