முதலில் சூடு, பிறகு மின்சாரம்

மலேசியாவின் பாலிங் வட்டாரத்தில் பால்மரங்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பது ஆனதும் மறுநடவுக்காகச் சாய்க்கிறார்கள். நேரான அடிமரம் லாரியேறி மூவார் போன்ற ஊர்களில் மேசை, நாற்காலி ஆகிறது. கிளையும் கொப்பும் வேர்க்கட்டையும் காட்டிலேயே கிடந்து மக்குகின்றன.

முன்பு அந்த விறகுக்கு வேலை இருந்தது. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, பால்மர விறகை மூட்டி, நாலைந்து நாள் உலர்த்துவார்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் அடுப்புக்காரர் இரவிலும் காவல் இருப்பார். 1965இல் பிளாக் ரப்பருக்கு மலேசியத் தரமுறை வந்த பிறகு, உலர்த்தும் வேலை மெல்ல மெல்லப் பெரிய ஆலைகளுக்குப் போய்விட்டது. இன்று சிறுதோட்டக்காரர் மங்கில் உறைந்த கட்டிப்பாலை ஈரத்தோடு விற்கிறார். நீருக்குக் கழிவு போட்டுத்தான் விலை. உலர்த்துவதில் வரும் லாபம் அவர் கைக்கு வருவதில்லை.

விறகிலிருந்து எடுக்கும் மரவாயுவைப் பற்றிப் பாலிங் யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

காற்றைக் குறைத்து விறகைச் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். இயற்கை எரிவாயுவின் ஆற்றலில் ஏழில் ஒரு பங்குதான் இதற்கு உண்டு என்றாலும் இன்ஜினை ஓட்டப் போதும். இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கரிவாயு பஸ்களும் இதே முறைதான். உலர்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீரிலும் புகைக்குழாயிலும் அதைப்போல இரு மடங்கு வெப்பம் வெளியேறும். அந்த வெப்பத்தைப் பயன்படுத்தாவிட்டால் கணக்கு கட்டுப்படியாகாது.

ஆஸ்திரியாவின் குஸ்ஸிங் நகரம் இதற்குச் சாட்சி. அங்கே 2002 முதல் மரவாயு நிலையம் ஒன்று 2 மெகாவாட் மின்சாரமும் 4.5 மெகாவாட் வெப்பமும் தந்தது. வெப்பம் வீடுகளுக்குப் போனது. உலகமே போய்ப் பார்த்த நிலையம் அது. மின்சாரத்துக்கான சலுகை விலை முடிந்ததும் 2016இல் மூடிவிட்டார்கள். மலேசியாவிலும் ஊக்கம் மின்சாரத்தைச் சுற்றியே இருக்கிறது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்த 2011இல், மரவாயு முறைக்கு யூனிட்டுக்கு 2 சென் கூடுதலாக அறிவித்தார்கள். வெப்பத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தளவாட மரத்துண்டுகளை வைத்து நடத்திய மரவாயுச் சோதனை 2002இலேயே ஆய்விதழில் வந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1980களிலிருந்து இதில் உழைக்கிறது. சிக்கல் அன்றாட ஓட்டத்தில் இருக்கிறது. வெட்டிய பால்மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். வாயுவோடு வரும் தார் குழாயில் படிந்து, வால்வைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் இந்தியக் கிராமங்களில் நின்றுபோன இயந்திரங்கள் பல. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது. மூடிய கொட்டகையில் கசிந்தால் உயிர் போகும். பயிற்சி பெற்ற ஆளும் எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

இன்னொரு எல்லையையும் இப்போதே வகுத்துவிட வேண்டும். 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் குப்பாங் பகுதியில் வெள்ளத்தோடு மலையிலிருந்து உருண்டு வந்த கட்டைகள் வீடுகளை நொறுக்கின. மூன்று பேர் இறந்தார்கள். மரவாயு என்ற பெயரில் மலைக்காட்டில் ஒரு மரத்தைக்கூடத் தொட அனுமதிக்கக்கூடாது. மறுநடவில் மிஞ்சும் கழிவு மட்டுமே விறகாக வேண்டும்.

ரப்பர் விலை சரிந்து, பசி தாங்காமல் பாலிங் மக்கள் 1974இல் தெருவுக்கு வந்தார்கள். விற்கும் பொருளுக்கு விலை சொல்லும் வலு அன்றும் அவர்களிடம் இல்லை. மரவாயு இன்ஜினின் வெப்பத்தில் உலர்த்திய ரப்பரை விற்க முடிந்தால் கொஞ்சமாவது அந்த வலு கூடும். மறுநடவைக் கவனிக்கும் ரிஸ்டா, சிறுதோட்டக்காரர் கூட்டுறவு ஒன்றுடன் சேர்ந்து பாலிங்கில் 50 கிலோவாட் அளவில் ஓர் உலர்த்துக்கூடத்தைத் தொடங்கட்டும். எரித்த விறகு, இயந்திரம் நின்ற நாள், கிடைத்த கூடுதல் விலை ஆகிய மூன்றையும் மாதந்தோறும் வெளியிடட்டும். பெரிய நிலையங்களைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.