பன்னிரண்டு கம்பியும் ஆச்சியின் பாட்டும்

சென்ற ஆண்டு ஒரு விழாவில் கிதாரில் இரண்டு பாட்டு வாசிக்க என் பேரன் பெயர் கொடுத்திருந்தான். பொறுப்பில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "சார், தமிழ் மேடையில் கிதார் எதற்கு? பையனை ஒரு திருப்புகழ் பாடச் சொல்லுங்களேன்" என்றார். திருப்புகழைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பையன் பெயரை நிரலிலிருந்து எடுத்துவிட்டதுதான் வருத்தம். அதன் பிறகு அவன் எந்தத் தமிழ் விழாவுக்கும் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்னால்தான். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்ற பின், பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிதார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இளவயதில் கேட்டபோது அப்பா, "டிப்ளமோவை முடி, பிறகு பார்க்கலாம்" என்றார். பிறகு பார்க்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இக்கருவியை அறியாத அன்பர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் கிதாரின் ஆறு கம்பிகளுக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு துணைக் கம்பி. கனமான நான்குக்கும் துணை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மெல்லிய இரண்டுக்கும் அதே சுருதியில் ஒலிக்கும். ஜோடிக் கம்பிகள் இரண்டும் ஒருபோதும் நூற்றுக்கு நூறு இணைவதில்லை. அந்த இம்மி வித்தியாசத்தில்தான் தம்புராவின் ரீங்காரமும் சலங்கைக் குலுக்கலும் கலந்தாற்போன்ற ஒலி பிறக்கிறது. மொத்த இழுவிசை நூறு கிலோவை ஒட்டி வரும். கழுத்துக்குள் எஃகுத் தண்டு வைத்து அதைத் தாங்க வைக்கிறார்கள். தண்டவாளத்தை எந்த வெப்பநிலைக்குக் கணக்கிட்டு இழுத்துப் பூட்டுவது என்றே வாழ்ந்தவன் நான். திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் பன்னிரண்டு கம்பியைச் சுருதியில் நிறுத்துவது அதைவிடக் கஷ்டம் என்பேன். மூன்றாம் ஜோடியின் துணைக் கம்பி இருக்கிறதே, எல்லாவற்றிலும் மெல்லியது, எல்லாவற்றிலும் உயர்ந்த சுருதி. அது அறுந்துகொண்டே இருக்கும்.

நான் கற்றுக்கொண்டவை 1960களின் அமெரிக்க 'ஃபோக் ராக்' பாட்டுக்கள். இதன் கதை சுவையானது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு நியூயார்க் வந்தபோது ஜார்ஜ் ஹாரிசனுக்கு ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பன்னிரண்டு கம்பி கிதார் கிடைத்தது. அவர்களுடைய 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தில் அதைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கினார் ரோஜர் மெக்வின். சிகாகோவில் நாட்டுப்பாடல் பள்ளி ஒன்றில் பாஞ்சோவும் கிதாரும் படித்தவர் அவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு வில்லை, நடுவிரலிலும் மோதிர விரலிலும் உலோக நகம். இப்படிப் பாஞ்சோவின் விரலடியை மின்கிதாருக்குக் கொண்டுவந்தார். (அந்த உலோக நகங்களுக்கு என் விரல்கள் பழகவே மூன்று மாதமாயிற்று. ஒவ்வொரு விரலும் இரண்டு கம்பியை அழுத்த வேண்டும் என்பதால் இடக்கை நுனிகள் காய்த்துப்போனது தனிக்கதை.) 1965இல் அவருடைய பர்ட்ஸ் குழு பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை இக்கருவியில் வாசித்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டின் இறுதியில் 'டர்ன்! டர்ன்! டர்ன்!'. விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து சொற்களை எடுத்துப் பீட் சீகர் மெட்டமைத்த பாட்டு அது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொற்களைக் கல்லூரிப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இதே மெக்வின் 1995 முதல் மாதம் ஒரு பழைய நாட்டுப்பாட்டைத் தாமே பாடிப் பதிவு செய்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார், அவை மறைந்துபோகக் கூடாது என்று.

"அது மேல்நாட்டுக் கருவி" என்கிறார்கள். வயலின் எந்த நாட்டுக் கருவி? தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு இதே ஊருக்குப் பிழைக்க வந்த தமிழர்தான். அவர் வயலின் வாசித்ததை மெச்சி 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாக அளித்தார் என்பது இசையறிந்தார் யாவரும் அறிந்தது. இன்று வயலின் இல்லாமல் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி உண்டா? இளையராஜாவின் பாட்டில் கிதார் ஒலித்தால் நம்மில் யாரும் எழுந்து போவதுமில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கிதார் எடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியுமே வாசிக்கிறார்கள். ஸ்பீக்கரை அலற வைக்கிறார்கள். அந்தக் குறை நம்முடையது. வாசிக்கத் தமிழ்ப்பாட்டு என்று நாம் எதைக் கொடுத்தோம்?

என் பேரனுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஒரு நாள் சும்மா இருக்கையில், என் ஆச்சி பாடிய நடவுப் பாட்டை மூன்றே கார்டு வைத்து இந்தக் கிதாரில் வாசித்தேன். ஒரு வாரத்தில் முழுப் பாட்டும் அவனுக்கு மனப்பாடம். "தாத்தா, நாற்றங்கால்னா என்ன?" என்று கேட்டான். வாயால் சொல்லிப் புரியவில்லை. நாகர்கோவில் வண்டியில் அழைத்துப்போய் வயலில் இறக்கிக் காட்டினேன். விழாவில் அவன் வாசிக்க இருந்த இரண்டில் ஒன்று அந்தப் பாட்டுதான். என்ன பாட்டு என்று யாரும் கேட்கவில்லை.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்தவை. நம்மில் பலருக்கு அங்கேதான் வேர். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதைக் கலைவாணர் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று மறு ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகம் ஊர் ஊராகப் பரப்பினார். வீசுகோல் பட்டதும் வில்லின் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்குமே, அந்த ஒலிக்கு மிக அருகில் வருவது இந்தப் பன்னிரண்டு கம்பிதான். என் காது சொல்கிறது. கேட்டுப் பார்த்துவிட்டு மறுக்கலாம்.

வரும் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கருவி எதுவானாலும் சரி. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நேரில் கேட்டுக் கற்ற ஒரு தமிழ்ப் பாட்டாவது வாசிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஸ்பீக்கரின் சத்தத்துக்கு நான் பொறுப்பு. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, வில்லுப்பாட்டின் ஓரிரு அடி, எது நினைவில் இருந்தாலும் பெரியவர்கள் சொல்லி அனுப்புங்கள். நான் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்கிறேன். பேரனையும் கூட்டி வருவேன்.