முன்பக்கச் சன்னல் வேண்டுமா?

அமெரிக்காவில் 1930களில் கண்ணீர்த்துளி வடிவ இழுவை வண்டிகள் பரவலாயின. மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் இச்சிறு கூண்டில் இருவர் உறங்கலாம். பின்கதவை உயர்த்தினால் அடுக்களை. ஒட்டுப்பலகை கொண்டு இதனை வீட்டிலேயே செய்வோர் இன்றும் உளர். முன்புறத்தில் சன்னல் வைக்கலாமா என்பது அவர்களுள் பலருக்கு எழும் ஐயம்.

சன்னல் இருந்தால் படுத்தபடியே விண்மீன்களைக் காணலாம். குறுகிய அறையும் அகன்றதாகத் தோன்றும். இவை மறுக்கத்தக்கவை அல்ல. ஆயினும், மகிழுந்தின் சக்கரங்கள் வாரியடிக்கும் கற்கள் முன்புறத்திலேயே படும். விரைந்து செல்கையில் மழைநீர் சிறு இடுக்கிலும் புகும். அந்த ஈரம் ஒட்டுப்பலகையின் அடுக்குகளைப் பிரித்து மக்கச் செய்யும். வலிய நெகிழிப் பலகையும் மூடியும் பொருத்தலாம். அவற்றால் செலவும் எடையும் கூடும்.

மூடிய கூண்டில் உறங்குவோருக்கு இன்றியமையாதது காற்றோட்டம். கதவுச் சன்னல்களும் கூரைத் திறப்புமே அதற்குப் போதும். காற்று தேவை, காட்சி விருப்பம். தேவை நிறைவேறியபின் விருப்பத்திற்காக உறுதியான சுவரை அறுப்பது தகாது. விண்மீன்களைக் காண விழைவோர் கதவைத் திறந்து வெளியே வரட்டும். வானம் முழுவதும் தெரியும்.