எப்போது மாறுவது? - அமெரிக்க உழைப்பாளியின் பிள்ளை முன் நிற்கும் கேள்வி

அமெரிக்காவிலே கல்லூரிக் கதவு ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. இது பொய்யா? பொய்யல்ல. முழு உண்மையா? அதுவும் அல்ல. திறந்திருப்பது எந்தக் கதவு, அதில் நுழைந்தவன் எத்தனை படி ஏற முடிகிறது, ஏறும்போது அவன் மடியிலிருந்து எவ்வளவு கொட்டிப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

அந்தத் திறந்த கதவின் பெயர் சமுதாயக் கல்லூரி. சர்க்கார் நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரி அது. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901ம் ஆண்டு முதல் கல்லூரி ஏற்பட்டது. இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 கல்லூரிகள் உள்ளன. மார்க்குப் போட்டி கிடையாது; வந்தவர்க்கெல்லாம் இடம் உண்டு. இங்கே இரண்டு வருஷப் பாடங்களை முடித்துவிட்டுப் பல்கலைக் கழகத்துக்கு மாறி, மேலும் இரண்டு வருஷம் படித்தால் பட்டம்.

யார் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள்? லாரி ஓட்டுகிறவர், ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர், கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிறவர், வயலில் காய் பறிக்கிறவர் ஆகியோரின் பிள்ளைகள் ஏராளம். 1965ம் ஆண்டு திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் துவக்கினார்களே, அந்த டெலானோ ஊரிலும் இன்று பேக்கர்ஸ்பீல்டு கல்லூரியின் கிளை நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளையின் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இந்தக் கல்லூரியை விட்டுப் பல்கலைக் கழகத்துக்கு எப்போது மாறுவது?

இது அந்தப் பிள்ளை ஒருவனின் சொந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை.

திட்டமிட்ட வடிகட்டல்

1960ம் ஆண்டில் கலிபோர்னியா சர்க்கார் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளியில் முதல் வரிசையில் தேறும் 12.5 சதவிகிதத்தினர் கலிபோர்னியா பல்கலைக் கழகத்துக்குப் போகலாம். முதல் மூன்றில் ஒரு பங்கினர், இன்று மாநிலப் பல்கலைக் கழகம் என்று பெயர் பெற்றிருக்கும் மாநிலக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்றவர்கள் இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும். அங்கே நன்றாகப் படித்தால் பின்னர் மாறிக் கொள்ளலாம். மாநிலத்துப் பிள்ளைகளிடம் படிப்புக்குக் கட்டணம் கிடையாது என்றும் வாக்குறுதி தரப்பட்டது.

அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று? 1984ல் சமுதாயக் கல்லூரியிலேயே கட்டணம் புகுந்தது. 2012 முதல் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது வாரம் ஒரு மணி நேரம் வீதம் அரை வருஷப் பருவம் முழுவதும் நடக்கும் வகுப்புக்குரிய கணக்கு. 60 யூனிட் சேர்ந்தால் இரண்டு வருஷப் படிப்பு. அதற்கு 2,760 டாலர். கலிபோர்னியா பல்கலைக் கழகத்திலோ ஒரு வருஷக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வீட்டு வாடகைக்கு யாரும் விலக்குத் தருவதில்லை.

அதே 1960ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியல் அறிஞர், சான் ஓசே நகரத்து இரண்டாண்டுக் கல்லூரியை ஆராய்ந்துவிட்டு ஒரு விஷயத்தை வெளியிட்டார். பல்கலைக் கழகக் கனவோடு வருகிற மாணவனை யாரும் விரட்டுவதில்லை. பரீட்சை, ஆலோசனை, மறுபடி ஆலோசனை என்று மெல்ல மெல்ல அவன் ஆசையை ஆற வைக்கிறார்கள். கடைசியில், "நமக்கு இவ்வளவுதான்" என்று அவனே சொல்லிக் கொண்டு ஒதுங்குகிறான். கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளிப்பது போன்ற வேலை இது.

2024ல் வெளிவந்த ஆய்வுக் கணக்கு சொல்வதென்ன? அமெரிக்கா முழுவதும், சமுதாயக் கல்லூரியில் சேருகிற 100 பேரில் சுமார் 80 பேர் பட்டம் பெற விரும்புகிறார்கள். பல்கலைக் கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு வருஷத்துக்குள் பட்டம் பெறுகிறவர்கள் சுமார் 16 பேர். இத்தனை பேரும் சோம்பேறிகளா? இத்தனை பேரும் மூளையற்றவர்களா?

கணக்கில் சேராத உழைப்பு

மில்லில் பதிலியாக உழைத்த தோழர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. வருஷக் கணக்கில் தறியோடு நின்றிருப்பார். நிரந்தரம் கேட்கும்போது, "அந்த நாட்கள் சர்வீசில் சேராது" என்பார்கள். வயலில் கூலி வாங்கிய தோழர்களுக்கும் தெரியும். மிராசுதார் களத்து நெல்லை அளந்து கொள்ள ஒரு மரக்கால், கூலி அளக்க இன்னொரு மரக்கால்.

கல்லூரி மாறும் பிள்ளைக்கு நேருவதும் இதுவே. இங்கே முடித்த பாடத்தை அங்கே ஏற்க மறுக்கிறார்கள். அல்லது பெயருக்கு ஏற்றுக் கொண்டு, "உன் பட்டப் படிப்புக்கு இது உதவாது, வேறு படி" என்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகமே 2017ல் கணக்கெடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், சம்பாதித்த யூனிட்டுகளில் சராசரியாக 43 சதவிகிதத்தை இழந்தார்கள். சர்க்காரின் இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து சர்க்காரின் பல்கலைக் கழகத்துக்குப் போனவர்களின் நஷ்டம் இதைவிடக் குறைவு. ஆனால் நஷ்டம் நஷ்டமே. ராத்திரி ஷிப்டு முடித்துக் கண் விழித்துப் படித்த பாடம் அது. உதவித் தொகையும் தேய்கிறது: ஏழை மாணவர்க்குச் சர்க்கார் தரும் பெல் உபகாரச் சம்பளம், வாழ்நாளில் 12 முழுப் பருவங்களுக்குச் சமமான அளவுதான். வீணான பாடமும் அந்தக் கணக்கில் கழிகிறது.

அவசரமும் கூடாது, தயக்கமும் கூடாது

அப்படியானால் எப்போது மாறுவது? இரண்டு விதமான யோசனைகள் சொல்லப்படுகின்றன. "இடம் கிடைத்த உடனே ஓடு" என்பது ஒன்று. "இன்னும் கொஞ்சம் இரு, பார்க்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் உழைப்பாளியின் பிள்ளைக்கு ஆபத்தானவை.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? கலிபோர்னியா பல்கலைக் கழகம் மூன்றாம் வருஷத்துக்கு ஆள் எடுக்கிறதே தவிர, முதல் இரண்டு வருஷத்துக்கு மாறி வருகிறவர்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. 60 யூனிட் கேட்கிறது. 60 இருந்தால் போதுமா? போதாது. என்ஜினீயரிங் படிக்கப் போகிறவன் கணிதத்தையும் பௌதிகத்தையும் பாதியில் விட்டுப் போனால், அதே பாடத்தை அங்கே பத்து மடங்கு விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

தயங்கினால் என்ன ஆகும்? சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 யூனிட்டுக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் பல்கலைக் கழகம் யூனிட் கணக்கில் ஏற்பதில்லை. அதற்கும் மேலே, வேலையும் குடும்பமும் ஒவ்வொரு பருவமும் மேலும் இறுக்கிப் பிடிக்கும். "அடுத்த வருஷம் போகிறேன்" என்றவர்களில் பலர் போகாமலே நின்று போகிறார்கள்.

ஆகவே, மூன்று விஷயங்கள் கையில் இருக்கும்போது மாற வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்று: போகிற இடம் ஏற்றுக் கொள்வதாக எழுத்தில் உள்ள 60 யூனிட். வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்ற பட்டியல் கலிபோர்னியாவில் பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. 2010ம் வருஷச் சட்டப்படி மாறுவதற்கென்றே ஒரு பட்டம் உண்டு. அதைப் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக் கழகத்தில் எங்காவது ஓர் இடம் உறுதி. விரும்பிய ஊரும் விரும்பிய பாடமும் உறுதியில்லை. கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் கிளைகளில் ஆறு எழுத்து மூலம் இட உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ ஆகியவை தருவதில்லை.

இரண்டு: எடுக்கப் போகும் பாடத்துக்கு வேண்டிய அடிப்படை வகுப்புகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

மூன்று: அடுத்த இரண்டு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி. டெலானோவிலிருந்து பக்கத்து மாநிலப் பல்கலைக் கழகம் பேக்கர்ஸ்பீல்டில், சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாமா, அறை எடுக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்காமல் கிளம்பியவர்கள் நடுவழியில் திரும்ப நேரிடும்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் ஒரு பருவம் காத்திருப்பது தோல்வியல்ல. மூன்றும் இருந்தும் தயங்கினால் அதுதான் நஷ்டம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த வருஷம் சேருவதற்கான மனுக்களை, முந்தைய வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே வாங்கி விடுகிறார்கள். எனவே முடிவு செய்யும் காலம் இரண்டாம் வருஷத்தின் கடைசியல்ல, முதல் வருஷமே.

மாறாமல், இரண்டு வருஷத்தில் நர்சு வேலையோ, வெல்டர் வேலையோ கற்றுக் கொண்டு நல்ல சம்பளத்துக்குப் போகிறவரை நாம் குறைவாக எண்ணவில்லை. தொழில் எதுவும் இழிவல்ல. விரும்பிப் போவது வேறு. ஆற வைத்து அனுப்பப்படுவது வேறு.

யார் குற்றம்?

மூன்றையும் சேர்க்கும் வரை காத்திரு என்று சொல்வது எளிது. வேலைக்குப் போகாமல் பருவத்துக்கு 15 யூனிட் படிக்கிறவன் இரண்டு வருஷத்தில் முடிப்பான். வாரம் முப்பது மணி நேரம் கூலிக்குப் போகிறவன்? அவனுக்கு நான்கு, ஐந்து வருஷம் ஆகும். கலிபோர்னியாவின் இந்த மாணவர்களில் பெரும்பாலோர் பகுதி நேரமே படிக்கிறவர்கள். ஆக, "எப்போது" என்ற கேள்விக்குப் பதிலை அவன் மட்டும் எழுதுவதில்லை. கூலியும், ஷிப்டும், வீட்டுச் சொந்தக்காரனும் சேர்ந்து எழுதுகிறார்கள்.

இதை மாற்ற முடியுமா? முடியும். மாறுவதற்குக் கணக்கில் சேராத ஆயத்த வகுப்புகளில் மாணவர்களைத் தள்ளுவதை 2017ல் வந்த சட்டம் கட்டுப்படுத்தியது. பொதுப் பாடங்களுக்கு இரண்டு பல்கலைக் கழகங்களும் ஒரே பட்டியலை ஏற்க வேண்டும் என்று 2021ல் சட்டம் வந்து, 2025ல் அமலாயிற்று. மரக்காலை ஒன்றாக்க முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

நமக்கென்ன?

நமக்கும் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த பிள்ளை வேலைக்குப் போவதா, பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேருவதா என்று நம் வீடுகளிலும் யோசிக்கிறார்கள். 2020ம் வருஷத் தேசியக் கல்விக் கொள்கை, பட்டப் படிப்பில் ஒரு வருஷத்தில் நின்றால் சான்றிதழ், இரண்டு வருஷத்தில் நின்றால் டிப்ளமோ என்று வைத்திருக்கிறது. வெளியே போக வழி வைத்திருக்கிறார்கள்; திரும்பி வரவும் வழி என்கிறார்கள். வெளியே போகிறவன் யார், திரும்பி வர முடிகிறவன் யார் என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு. அமெரிக்கக் கணக்கு நம் கண் முன்னால் இருக்கிறது.

படித்தது எதுவும் கணக்கில் விடுபடக் கூடாது. கட்டணச் சலுகையோடு சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும். முதல் வருஷத்திலேயே வழி சொல்ல, மாணவனை ஆற வைக்காத ஆலோசகர் வேண்டும். டெலானோவானாலும் கோயமுத்தூரானாலும் உழைப்பாளியின் பிள்ளைக்கு இந்த மூன்றும் சலுகையல்ல. அவன் உழைப்பின் கணக்கை நேர்மையாகத் தீர்ப்பதுதான்.